அடிவயிறு பார்த்துப் பங்கு வாங்கியவள்

இடது உள்ளங்கை கார்க் ஷீட்டை இரும்பு மூடியின் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கையில் உருண்டைத் தலைச் சுத்தியல். அடிப்பதாகத் தெரியவில்லை, தூங்குகிறவரை எழுப்புவது போல ஒரு தட்டு. சுத்தியல் விளிம்பின் மேல் நகர நகர, வேண்டாத ஷீட் நகத்துணுக்காகச் சுருண்டு விழுகிறது. போல்ட் வரும் இடத்தில், பழைய பேரிங்கிலிருந்து உருவிய எஃகுக் குண்டு ஒன்றை வைத்து ஒரே போடு. குண்டு துள்ளிக் கைக்குள் வந்துவிடும். ஷீட்டில் வட்டமாய் ஓட்டை. அளவுகோல் கிடையாது, கத்திரி கிடையாது. கால் மணி நேரத்தில் லாரி எஞ்சினுக்கு, எண்ணெய் கசியாமல் இடுக்கை அடைக்கும் ஒரு கேஸ்கெட்.

"தாங்குமா அக்கா?" என்கிறான் லாரிக்காரன்.

"ஓட்டிட்டு நாளைக்கு வந்து சொல்லு."

இருபத்திரண்டு வருடமாக இதே பதில்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாப் பொருளுக்கும் ஆயுள் உத்தரவாதம் தருகிறார்கள். இவள், போசிபோரி, ஒரு நாள்கூடத் தருவதில்லை. இருந்தும் நைரோபியின் கிரின்யாகா சாலையில், ஷாக் அப்சார்பர் கடைக்கும் எஞ்சின் ஆயில் கடைக்கும் நடுவே ஒரு கதவின் அகலமே உள்ள அவள் இடத்துக்கு முன்னால்தான் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. மீதிப் படிப்பு, உதிரிபாகங்கள் சுற்றி வரும் செய்தித்தாளில். எல்லோரும் காகிதத்தைக் கசக்கி எறியும்போது அவள் நீவி, மடித்து, மத்தியானம் சப்பாத்தியும் பீன்ஸும் சாப்பிட்டபடி வணிகப் பக்கத்தைப் படிப்பாள். புரியாத சொல்லுக்குப் பென்சிலால் வட்டம். வங்கிக்காரன் எவனாவது காரைச் சரிபார்க்க வந்தால் அவன் தப்ப முடியாது. "தம்பி, நிகர லாபம்னா என்ன? கையில வந்ததா, வரும்னு சொல்றதா?" அவன் சொல்லி முடித்த பிறகே ஸ்பேனரை எடுப்பாள்.

வண்டி பார்ப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. இருக்கை, ரேடியோ, பளபளப்பு எதையும் தொடமாட்டாள். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விடுவாள். "வண்டியோட மூஞ்சி ஷோரூம்காரன் எழுதினது. அடிவயிறு அது தானா எழுதிக்கிட்டது" என்பாள்.

இந்த ஏப்ரலில் அந்த முறைக்கே ஒரு சோதனை வந்தது.

தெருவில் பன்னிரண்டு கடைகள் சேர்ந்து ஒரு சேமிப்புக் குழு நடத்துகின்றன. வியாழன் நாலு மணிக்கு, ஹாரனும் வைப்பரும் விற்கும் தலைவி முகுரேயின் கடைக்குப் பின்னால் கூட்டம். தாமதமாக வருகிறவர் மற்ற பதினோரு பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஒன்பது வருடச் சேமிப்பு நகருக்கு வெளியே ஜோஸ்காவில் மனை வாங்குவதற்காகக் காத்திருந்தது. இந்த ஊரில் எந்தக் குழுவும் கடைசியில் மனைதான் வாங்கும். அப்போதுதான் ஆத்தி ரிவர் என்ற ஊரில் மின்சாரக் கார் செய்யும் ராடி மோட்டார்ஸ் பொதுமக்களுக்குப் பங்கு விற்கப்போவதாக அறிவித்தது. போசிபோரி அந்தக் கம்பெனியின் விவரப் புத்தகத்தை மூன்று தடவை படித்து, ஓரமெல்லாம் வட்டம் போட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

"மனை வேண்டாம். இதுல போடுவோம்."

ஆயில் கடை முத்திசோ டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "ஆயில் குடிக்காத வண்டியா! ஏம்மா, அதுல எஞ்சினே கிடையாது. எஞ்சின் இல்லேன்னா கேஸ்கெட் ஏது? நம்ம தொழிலுக்கு உலை வைக்கிறவனுக்கு நாமளே விறகு வாங்கிக் குடுக்கணுமா?"

"உலை வைக்கிறதுன்னு ஆயிட்டா, அதுல நமக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே அண்ணே."

ஷாக் அப்சார்பர் கடை குங்கு தொடையில் தட்டிச் சிரித்தான். "எனக்கு சம்மதம்! அந்த பேட்டரி வெயிட்டுக்கும் நம்ம ஊரு ரோட்டுக்கும் மூணு மாசத்துல ஷாக் அப்சார்பர் புஷ் எல்லாம் காலி. எனக்குத் தினம் கிறிஸ்மஸ்தான்."

"நீ உன் புஷ்ஷைப் பாத்து முதலீடு பண்ணுவ, முத்திசோ அவரு டின்னைப் பாத்துப் பயப்படுவாரு" என்றாள் முகுரே. "நான் கேக்கறேன். ஜப்பான்லேருந்து பழைய வண்டி கப்பல் கப்பலா இறங்குது. எவன் புதுசு வாங்குவான்?"

"டாக்சிக்காரன் வாங்குவான். அவனுக்குப் பாதி சம்பாத்தியம் பெட்ரோல் பங்க்குலயே போகுது. ரெண்டு வருஷத்துல ஆயிரத்து இருநூறு வண்டி வித்திருக்கான், தலைவி. அதுல தொள்ளாயிரம் டாக்சி. பக்கம் நாற்பத்தொண்ணு."

வாக்குவாதம் இரண்டு கெட்டில் டீயைக் காலி செய்தது. முடிவில் முகுரே கையை உயர்த்தினாள். "சனிக்கிழமை ஃபேக்டரியில முதலீட்டாளருக்கு வண்டி காட்டறாங்களாம். போசிபோரி போகட்டும். வர்ற வியாழக்கிழமை ஓட்டு. வெள்ளியோட விண்ணப்பம் முடியுது. நீ சொல்றதை வச்சுத்தான் நாங்க கை தூக்குவோம், தெரிஞ்சுக்கோ."

பன்னிரண்டு வீட்டின் ஒன்பது வருடம். ஒருத்தியின் கண். அன்று அவள் பக்கம் நாற்பத்தொன்றை நான்காவது தடவையும் படித்தாள்.

ஆத்தி ரிவரில் கோட்டு சூட்டுக்காரர்கள் கார்களின் தொடுதிரைகளைத் தொட்டுத் தொட்டு வியந்துகொண்டிருந்தார்கள். தேவாலயத்துக்குப் போகும் நீலக் கவுனில் வந்திருந்த போசிபோரி, பையிலிருந்து சாக்கை எடுத்து விரித்து, ஓட்டிப் பார்க்க வைத்திருந்த காருக்கு அடியில் போய்விட்டாள். வெளியே இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன. கால் மணி கழித்து எழுந்து வந்தபோது முதுகெல்லாம் தூசு, முகமெல்லாம் சந்தோஷம். கீழ்ச் சட்டத்தில் பற்றவைப்பு ஒவ்வொன்றும் ஒரே சீராக இருந்தது. வயர்கள் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்து உள்ளேயே விசில் அடித்திருந்தாள். ஒன்றுதான் உறுத்தியது.

கேள்வி நேரத்தில் அவள் கை முதலில் உயர்ந்தது. "ஐயா, பேட்டரிப் பெட்டியை எப்பப்பத் திறப்பீங்க?"

"திறக்கவே வேண்டியதில்லைம்மா. ஆயுசுக்கும்" என்றார் நிர்வாக இயக்குநர்.

"அப்போ மூடி போல்ட்டு அத்தனையிலயும் பெயின்ட்டை யாரு சொரண்டினது?"

கூட்டம் சிரித்தது. இயக்குநரும் சிரித்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆனால் சுவரோரம் நின்றிருந்த ஓர் இளம்பெண் சிரிக்கவில்லை. போசிபோரி வாசலைத் தாண்டும்போது அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். பெயர் செலிமோ. பழுது பார்க்கும் பிரிவின் இன்ஜினியர்.

"நீங்க கேட்டது சரிதான்க்கா. மழை ஆரம்பிச்சதுலேருந்து ஏழு வண்டியில பெட்டிக்குள்ள தண்ணி. மூடிக்கு வர்ற சீல் நம்ம குண்டு குழியில தளர்ந்துபோகுது. புதுசு கப்பல்ல வர ஆறு வாரம். நான் எழுதி எழுதிக் குடுத்துட்டேன், மேல எவனும் படிக்கல."

வேறு முதலீட்டாளர் என்றால் அங்கேயே புத்தகத்தைக் குப்பையில் போட்டிருப்பார். திரும்பும் மட்டாட்டு வேனில் போசிபோரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்ததில் பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார். தெருவில் இறங்கியதும் பூட்டப்போன கடைகளை எல்லாம் நிறுத்திச் சொன்னாள். "மோட்டார்ல கோளாறு இல்ல. பேட்டரியில இல்ல. சட்டத்துல இல்ல. வாய் சரியா மூடலை, அவ்வளவுதான்! இந்த வியாதியை நான் இருபத்திரண்டு வருஷமாப் பாக்கறேன்."

"தண்ணியும் கரென்ட்டும்!" முத்திசோ தலையில் கை வைத்தார். "இதைச் சொல்லிட்டு இன்னும் வாங்கலாம்ங்கிறியே? ஜோஸ்கா மனையில மழை பேஞ்சா புல்லு முளைக்கும். இதுல பேஞ்சா பொகை வரும்."

"சரி அண்ணே. வாயால சொல்லி உங்களை நம்ப வைக்க முடியாது. வியாழக்கிழமை காட்டறேன்."

அந்த ஏழு வண்டிகளில் ஒன்று அதே தெருவில் ஐந்து வாரமாகப் படுத்துக் கிடந்தது. குங்குவின் மச்சான் ஒபியோ ஓட்டும் டாக்சி. உதிரிபாகம் வர வேண்டும் என்று மட்டுமே கம்பெனி சொல்லியிருந்ததால், காரணம் இது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "ஓடின வரைக்கும் ராணி அது" என்று அவன் டீக்கடையில் புலம்பாத நாள் இல்லை. "பெட்ரோல் பங்க்குக்காரனுக்கு என் பேரே மறந்துபோச்சு. இப்போ பாரு, நிக்கிறா."

புதன்கிழமை செலிமோ ரப்பர் கையுறையும் தன் கருவிப் பெட்டியுமாக வந்து, மின் இணைப்பைப் பிரித்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். உள்ளே இருந்த எதையும் தொட விடவில்லை. "மூடி உங்களுக்கு, மத்ததெல்லாம் எனக்கு" என்று சொல்லி, உள்ளே இருந்த ஈரத்தைத் தானே துடைத்துக் காயவைத்தாள். போசிபோரிக்கு அந்தக் கண்டிப்பு பிடித்துப்போனது.

முதலில் மூடியின் அளவுக்குத் தடித்த அட்டையில் அச்சு வெட்டினாள். அச்சுகள்தான் இந்தத் தொழிலின் சொத்து. நானூற்றுச் சொச்சம் அட்டைகளை அவள் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். பெரியப்பா மகன் கேட்டபோதுகூட ஒன்றைக் காட்டியதில்லை. பிறகு ஷீட். கார்க் இதற்கு ஆகாது என்று மூன்று கடை ஏறி, மெத்தென்ற கருப்பு ரப்பராகத் தேர்ந்தெடுத்தாள். மூடியின் நீளம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். முப்பத்தெட்டு ஓட்டைகள். பாதி நாள் அந்தத் தட்டல்தான் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது.

மூடுவதற்கு முன் பன்னிரண்டு டிஷ்யூ துண்டுகளில் மைப் பேனாவால் ஒவ்வொரு கோடு இழுத்து, மூடியின் உள்விளிம்பில் சுற்றி ஒட்டினாள். ஈரம் பட்டால் மை படரும். "ஆளுக்கு ஒண்ணு" என்றாள்.

வியாழன் மத்தியானம் வானம் உடைந்து கொட்டியது. ஆற்றோரத்து ரவுண்டானாவில் முழங்கால் தண்ணீர். ஒபியோ நான்கு தடவை அதில் போய் வந்தான். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் வருவதைப் பார்க்கத் தெருவே தார்ப்பாய்க்கு அடியில் கூடிவிட்டது. பாதியில் நின்றுபோன பெட்ரோல் கார் ஒன்றை அவன் கடந்தபோது குங்கு போட்ட கூச்சலில் முகுரேயின் கடை ஹாரன்களே தோற்றன.

செலிமோ மூடியைக் கழற்றினாள். பன்னிரண்டு தலைகள் குனிந்தன.

"காய்ஞ்சிருக்கு! காய்ஞ்சிருக்கு!" குங்கு ஒபியோவைத் தூக்கிச் சுற்றினான். யாரோ டீ கொண்டுவரச் சொன்னார்கள். முகுரே விண்ணப்பப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்தேவிட்டாள்.

போசிபோரி மட்டும் நிமிரவில்லை. "ஒண்ணு நனைஞ்சிருக்கு."

"எது?"

"ஒம்போதாவது. கேபிள் நுழையற மூலை."

மை ஒரு கடுகளவுதான் படர்ந்திருந்தது. அவள் சொல்லாவிட்டால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். முத்திசோவின் முகம் மலர்ந்தது. "சொன்னேனா? நான் சொன்னேனா இல்லையா?"

"ரெண்டரைதானே ஆகுது. கூட்டம் நாலு மணிக்குத்தானே?" என்றாள் அவள். அதற்குள் அட்டையை எடுத்துவிட்டாள்.

கேபிளைச் சுற்றி ஒரு வளையம். விரல் கனம் உள்ளது. முதலாவது இறுக்கமாகப் போனது, எறிந்தாள். இரண்டாவது ஒரு மயிரிழை தளர்வு, அதையும் எறிந்தாள். "அக்கா, அது போதும்க்கா" என்று கெஞ்சினாள் செலிமோ. போசிபோரி அடுத்ததை வெட்டினாள். மூன்றாவது உட்கார்ந்தபோது விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, தலையசைத்தாள். புது டிஷ்யூ, புதுக் கோடுகள். ஒபியோ இந்தத் தடவை ஆறு சுற்று போனான். ஆறாவதில் வேண்டுமென்றே நடுத் தண்ணீரில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ராஜா மாதிரி கையாட்டினான்.

மூடி திறந்தபோது யாரும் கத்தவில்லை. முத்திசோதான் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினார். ஒன்று, இரண்டு... பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "எவன்டா இந்த மழையில டீ சொன்னவன்? எங்க டீ?" என்றார்.

கூட்டம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. எல்லோருமே தாமதம் என்பதால் அபராதம் யாருக்கும் இல்லை. ஒன்பது கைகள் உயர்ந்தன. முத்திசோவுடையது பத்தாவது, தோளுக்கு மேல் போகாமல். "மனை எங்கயும் ஓடிறாது, ஓடற வண்டியில ஏறுவோம்னுதான்" என்று முணுமுணுத்தார். டயர் கடைக்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் கடைசிவரை மனைதான் என்றார்கள்; பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்து மட்டும் போட்டார்கள். படிவத்தின் கட்டங்களைப் போசிபோரிதான் நிரப்பினாள், ஒவ்வோர் எழுத்தும் கட்டத்தின் நடுவில் வருமாறு.

வெளியே மழை விட்டிருந்தது. செலிமோ கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மீதி ஆறு வண்டிக்கும் நீங்களே செஞ்சு தரணும்க்கா. ஆபீஸ்ல பேசறேன்."

"ஆறு போதுமா? அதே சீலோட ஆயிரத்து இருநூறு ஓடுதே." போசிபோரி இரண்டு அட்டை அச்சுகளையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். ரப்பரின் கனம், எந்தக் கடை, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். செய்தித்தாளில் சுற்றிக் கயிறு கட்டினாள்.

முத்திசோ டீ டம்ளரோடு ஓடிவந்தார். "ஏய், கிறுக்கா உனக்கு? அச்சைக் குடுத்துட்டா அவனுங்களே ஃபேக்டரியில அடிச்சுக்குவானுங்க. உனக்கு என்ன மிச்சம்?"

அவள் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இன்ஜினியரம்மா, ஏழாவது ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கும். தப்புன்னு நெனச்சு நேராக்கிடாதீங்க. இனிமே நம்ம வண்டி அது, அப்படித்தான் இருக்கும்."

பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.