கம்பியால் தைத்த கண்கள்

எழுபதுகளின் கடைசியில், இத்தாலியப் பழங்கவிஞர் ஒருவரின் மறுவுலகப் பயணக் காவியத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டி குமாஸ்தா ஒருவரும் அதையே செய்கிறார், என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. மதுரை நூலகத்தில் இருந்த அதன் ஒரே ஆங்கிலப் பிரதியை, அவருக்குக் கிடைத்துவிடாதபடி, எட்டு மாதம் புதுப்பித்துப் புதுப்பித்து நானே வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவரே என் திருநகர் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை நீட்டினார்.

"அண்ணே, புத்தகம் ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாக. எட்டு மாசமா விடலைன்னா எம்புட்டு ஆசையாச் செய்வீக! நான் பாதியோட நிறுத்திக்கிட்டேன். இது ஒங்களுக்கு ஒதவட்டும்."

அவர் போனதும் பிரித்துப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போதும் எரிந்தது.

மேசையில் நான் காலையில் முடித்த பக்கம் கிடந்தது. மறுவுலகில் பொறாமைக்காரர்களின் கண்களைத் தண்டனையாக இரும்புக் கம்பியால் தைத்திருக்கும் இடம். சொல் சொல்லாகத் தேடிப் போட்டிருந்தேன். யாருடைய கண்கள் என்றுதான் தெரியாமல் இருந்திருக்கிறேன்.