லியோனார்டின் கண்ணளவு

"அளக்குற வெர்னியர் ஸ்கேலெல்லாம் கண்ணு சரியில்லாதவனுக்குப்பா. நான் பாத்து பாஸ் பண்ணின சாமான்ல இதுவரைக்கும் ஒரு மில்லி கூட தப்பு வந்ததில்ல."

போசரித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பதினேழு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கும் லியோனார்ட், மகன் ஜேடனின் ஞானஸ்நான விருந்தில், பிரியாணித் தட்டை ஏந்தியபடி இதைப் பிரகடனம் செய்தார். யாரும் மறுக்கவில்லை. எல்லார் வாயிலும் பிரியாணி இருந்தது.

அடுத்த மாதம் அவர் மனைவி அலினா, கேம்ப் பகுதியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குத் திரும்பினாள். பகலில் பம்பு வைத்துத் தாய்ப்பால் எடுத்தால்தான் மறுநாள் ஜேடனுக்குப் பாட்டிலில் ஆகாரம். முதல் வாரம் ஒரு தடவைக்கு எண்பது மில்லி வந்தது. மூன்றாம் வாரம் நாற்பது. குழந்தையின் எடை போதிய அளவு ஏறவில்லை என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

லியோனார்ட் இதை உற்பத்திப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் தொங்கியது: தேதி, நேரம், மில்லி, குறிப்பு. தீர விசாரித்ததில், கச்சாப் பொருள் பற்றாக்குறைதான் காரணம் என்று முடிவாயிற்று. உடனே கச்சாப் பொருள் வந்து குவிந்தது. பால் சுரக்கவென்று மாடி வீட்டு மராட்டிக்கார அம்மாள் கொடுத்த அளீவ் விதை லட்டு, வெந்தய லட்டு, பூண்டுக் குழம்பு; மீன் மார்க்கெட் முழுக்க அலைந்து பிடித்து வந்த பால்சுறாவில் புட்டு. அலினா எல்லாவற்றையும் தின்றாள். வீட்டில் எடை ஏறியது அவளுக்கு மட்டும்தான்.

பள்ளியில் அவளுக்குக் கிடைத்த இடம் ஸ்போர்ட்ஸ் ரூம். ஹாக்கி மட்டைகளுக்கு நடுவே கிரிக்கெட் பையின் மேல் உட்கார்ந்து, ஃபோனில் ஜேடன் சிரிக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பம்பை ஓட்டுவாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான். வியாழக்கிழமை பாட்டிலில் பதினெட்டு மில்லி இருந்தது. மூடியைப் போட மனசில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வகுப்புக்கு மணி அடித்த பிறகு முகத்தைக் கழுவினாள்.

வீட்டில் லியோனார்ட் வழக்கம்போலப் பேனாவோடு நின்றார்.

"என்கிட்ட இல்லைங்க," என்றாள் அலினா. "நீங்க எழுதி எழுதி வச்சாலும் இல்ல. பிள்ளைக்குக் குடுக்க என் உடம்புல ஒண்ணுமில்ல."

குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று பதினேழு வருட அனுபவத்துக்குத் தெரியவில்லை. பேனாவை மூடினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் நர்ஸ் நஸ்ரினிடம் போனார்கள். லியோனார்ட் சார்ட்டுகளை ஃபைல் போட்டுக் கொண்டுபோயிருந்தார். நஸ்ரின் அதைத் திறக்காமலே ஓரமாக வைத்தாள். என் எதிரில் பம்பை ஓட்டம்மா என்று இந்தியில் அலினாவிடம் சொன்னாள். இரண்டே நிமிடம். பம்பை நிறுத்தச் சொல்லி, மார்பில் வைக்கும் புனல் எத்தனை சைஸ் என்று கேட்டாள்.

இருபத்தெட்டு மில்லிமீட்டர். நஸ்ரின் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் காம்பில் வைத்து அளந்து பார்த்தாள். இவளுக்கு வேண்டியது இருபத்தொன்று. காம்பு மட்டும் போகவேண்டிய இடத்தில் சுற்றியுள்ள சதையெல்லாம் உள்ளே இழுபடுகிறது. வீங்கின மார்பிலிருந்து பால் முழுசாக இறங்காது. இறங்காவிட்டால் உடம்பும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் திரும்பும்வரை தினம் ஒரு வேளை பவுடர் பால் கொடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை என்றாள். பிறகு, இந்த சைஸை யார் வாங்கியது என்று கேட்டாள்.

கடைக்காரன் மூன்று சைஸ் காட்டியபோது, அலினாவிடம் கேட்காமல், ஒரே பார்வையில் பெரிய வாயுள்ள புனலைத் தேர்ந்தெடுத்தவர், இப்போது சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்," என்றாள் அலினா, யாரையும் பார்க்காமல். "மிஷின் புதுசு, ஓட ஓட சரியாயிரும்னாரு."

அன்று சாயங்காலம் லியோனார்ட் பவுடர் டப்பாவும் புதுப் புனல் ஜோடியுமாக வீட்டுக்கு வந்தார். அலினா பம்பை ஓட்டினாள். சார்ட் இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. பாட்டிலையும் பார்க்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

பாட்டிலில் பால் ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. லியோனார்ட் ஆபீஸ் பையிலிருந்து வெர்னியரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு புனலை அளந்தார். இருபத்தொன்று. திருப்பி வைத்து மறுபடியும் அளந்தார்.