யாரும் தூங்காத வீட்டில்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லையென்றால் காரணம் ஷிப்ட். பசிக்கவில்லையென்றாலும் ஷிப்ட். மாமியாரோடு வாய்த்தகராறு வந்தால்கூடப் பழி ஷிப்ட் தலையில்தான் விழும். டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மனநல ஆலோசனை அறை வைத்திருக்கும் தாஜுன்னிசாவும் இதே ஊர்க்காரர்தானே! பாலகுமார் முதல்முறை வந்தபோது அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. தூக்கம் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று வந்திருந்தான். கதவைத் திறந்த சத்தமே கேட்கவில்லை. நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தான். டீ கிளாஸை மேசையில் வைத்ததுகூடத் தெரியவில்லை. தாஜுன்னிசாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கணவர் சுல்தான் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவதற்காக, குக்கர் விசிலைக்கூட அடக்கி, பிள்ளைகளைச் சைகையிலேயே மேய்த்தவர் அவர். இந்த ஊரில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். நல்ல வளர்ப்பு என்று மெச்சிக்கொண்டே, நன்றாகத் தூங்குவதற்கான யோசனைகளைச் சொல்லி அனுப்பினார். ஒன்றும் பலிக்கவில்லை.

அடுத்த தடவை அவன் மனைவி சண்முகப்ரியாவும் கூட வந்தாள்.

"ஷிப்டுக்காக அமைதியா இருந்தா பரவால்லங்க மேடம். வூட்ல யாரும் தூங்காதப்பவும் இவரு பூனையாட்டம்தான் நடக்கறாரு. எம்பொண்ணு ஹரிணி சத்தமா சிரிச்சாலே இவருக்கு மூஞ்சி வெளுத்துடுது. வண்டிய எடுத்துக்கினு வெளிய போயிடறாரு. 'நான் கெட்ட பொண்ணு, அதான் அப்பா ஓடிடறாரு'ன்னு சொல்லுது மேடம், ஆறு வயசுப் புள்ள."

அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ பெஞ்சைத் தள்ளினார்கள். பாலகுமாரின் மூச்சு நின்றது. கண் ஓரிடத்தில் குத்திட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதிலில்லை. தாஜுன்னிசாவுக்குச் சுருக்கென்றது. போன தடவை பயத்தையா நல்ல வளர்ப்பு என்று மெச்சினோம்?

அவன் தெளிந்ததும் மெல்லக் கேட்டார். "சின்ன வயசுல வீட்டுல யாரு தம்பி தூங்குவாங்க?"

"அப்பா. சத்தம் வந்தா பெல்ட்டக் கழட்டுவாரு. வராட்டியும் கழட்டுவாரு. நாந்தான் மேடம் சரியில்லாத புள்ள."

ஒரு விபத்தில் பட்ட பயம் வேறு. சோறு போட்ட கையே வருஷக்கணக்கில் அடித்து, உடம்பில் ஊறிப்போன பயம் வேறு. அது 'நான்தான் கெட்டவன்' என்பதையும் சேர்த்தே ஊட்டிவிடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டவைத்தால் ஆள் தாங்கமாட்டான் என்பது தாஜுன்னிசாவுக்குத் தெரியும்.

"கதை எங்கயும் ஓடிப்போயிடாது தம்பி. முதல்ல உங்க உடம்புக்கு, இது இன்னைக்கு, இது உங்க வீடுன்னு தெரியட்டும்" என்றார்.

மாதக்கணக்கில் அதுதான் நடந்தது. பயம் வரும்போது காலைத் தரையில் அழுத்துவது, கண்ணில் படுகிற பொருள்களின் பெயரைச் சொல்வது, மூச்சை நீட்டி விடுவது. நடுவில் ஒரு தீபாவளி வந்து எல்லாவற்றையும் குலைத்துப் போட்டது. தாஜுன்னிசா அசரவில்லை, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே அதன் நிதானம்தான். பழைய கதையும் கொஞ்சம் கொஞ்சமாக, அவன் தாங்குகிற அளவுக்கு வெளியே வந்தது.

போன வாரம் பாலகுமார் தனியாக வந்தான்.

"நேத்து மத்தியானம் பாப்பா சோத்துத் தட்டத் தட்டிவுட்டுடுச்சு மேடம். செம சத்தம். எனக்கு உடம்பெல்லாம் இறுகிப்போச்சு. வண்டிச் சாவியக்கூட தேடினேன். அப்புறம் கால ஊனிக்கினு அங்கியே உக்காந்துட்டேன். அது பயந்துபோய் என்னையே பாத்துக்கினு நின்னுச்சு. 'நீ ஒண்ணும் தப்புப் பண்ணலடா கண்ணு'ன்னேன். அத யாருக்குச் சொன்னேன்னே தெரியல."

"ரெண்டு பேருக்குந்தான் தம்பி."

பாலகுமார் அழுதான். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, குரலை அடக்கவில்லை, கேவிக் கேவி அழுதான். கீழே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார்கள். தாஜுன்னிசாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.