பந்தைத் தொடாத ஆட்டக்காரர்

எங்கள் கட்டடத்து எல்வூட் அண்ணையைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்களுக்குப் பழைய கட்டடம் ஞாபகம் வராது. வந்தாலும் கரப்பான்பூச்சியைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஆகவே நானே எழுதுகிறேன். என் பெயர் அருள்மலர். கோபக்காரி என்று பெயரெடுத்தவள். அது பொய்யில்லை.

கனடாவில், ரெக்ஸ்டேலில் லிஃப்ற் இல்லாத நாலு மாடிக் கட்டடம் அது. எல்வூட் அதன் பராமரிப்பாளர். குப்பை, பனி, ஹீற்றர், ஒழுகும் குழாய், தொலைந்த கதவுத் திறப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குக் கொஞ்சச் சம்பளமும், பேஸ்மென்ற்றில் வாடகை இல்லாத ஒரு வீடும் கட்டடச் சொந்தக்காரக் கொம்பனி கொடுத்திருந்தது. லூசியானாவில் பிறந்த கறுப்பினத்தவர். தனி ஆள். கதவால் நுழையும்போது சற்றுச் சரிந்துதான் நுழைவார்; அவ்வளவு அகலமான தோள்.

நாங்கள் வந்தது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. நான், கணவர் பேனாட், இரண்டு பிள்ளைகள், பேனாட்டின் தம்பி, தம்பியின் மனைவி றீற்றா. எத்தனையோ கட்டடங்களில் ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் வங்கிக் கணக்கின் வரலாறு கேட்டார்கள். வந்து மூன்று மாதமான எங்களுக்கு வரலாறு என்றால் இலங்கை வரலாறு மட்டும்தான் இருந்தது. இன்னோரிடத்தில் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வீடு ஏற்கெனவே போய்விட்டது என்றார்கள். "வாடகைக்கு விடப்படும்" என்ற பலகை அந்த ஆளின் தலைக்கு மேலேயே தொங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பேனாட் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எல்வூட் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊரில் என்ன வேலை செய்தீர்கள்?"

பேனாட் தயங்கித் தயங்கி, பஸ் கொண்டக்ரர் என்றார். அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் அணியிலும் ஒரு பஸ்காரன் இருந்தான். நல்லவன். இடது பக்கத்தில் அவன் நின்றால் நான் திரும்பியே பார்க்க மாட்டேன்" என்றார். திறப்பை எடுத்து பேனாட்டின் கையில் வைத்தார். எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. றீற்றாவும் கொழுந்தனும் வாசலுக்கு வெளியே பெட்டிகளோடு ஒளிந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, "பெட்டிகளும் குளிரும், உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றார். அந்த வாசகத்துக்காகவே நான் இன்றுவரை அவருக்காகப் பிரார்த்திக்கிறேன்.

அணி என்றாரே, அது என்ன அணி என்று பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளில் அவர் அமெரிக்கன் புட்போல் ஆடியவர். அங்கே சில வருடம், பிறகு கனடாவுக்கு வந்து சில வருடம். நாங்கள் காலால் உதைக்கும் பந்தல்ல. தலைக்கவசம் போட்டு, தோளில் எதையெதையோ கட்டி, இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. பேஸ்மென்ற் சுவரில் ஒரு படம் தொங்கியது. நாற்பது பேருக்கு மேல், எல்லோரும் அலுமாரி அளவில். பேனாட் அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் எத்தனை கோல் போட்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

ஒன்றுகூட இல்லையாம். கோல் போடுவது இருக்கட்டும், ஆட்டத்தில் அவர் பந்தைத் தொட்டதே இல்லையாம். பந்து வைத்திருக்கும் ஆளை நோக்கி எதிரணிக்காரர்கள் மாடு மாதிரிப் பாய்ந்து வருவார்கள். அவர்களை நடுவில் நின்று மறிப்பதுதான் இவருடைய வேலை. அவன் எறிவான், இன்னொருவன் பிடிப்பான், சனம் கைதட்டும். இவர் மண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்புவார்.

"அப்ப எங்கட ஊர் வேலி மாதிரி எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றார் பேனாட். நான் அதை இங்கிலிசில் சொன்னதும் எல்வூட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், பேனாட்டைக் கண்டால் 'வேலி வருகிறது' என்றுதான் சொல்லுவார்.

இப்போது விளையாடுகிறவர்கள் மாளிகையில் இருக்கிறார்களே, நீங்கள் ஏன் இந்த நிலவறையில் என்று நான் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இராது. அவர் கோபிக்கவில்லை. அந்தக் காலத்தில் சம்பளம் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்குத்தான் காணும் என்றார். மிச்ச மாதங்களில் எல்லோரும் வேறு வேலைக்குப் போவார்கள். ஒருவர் காப்புறுதி விற்றார். ஒருவர் ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தார். ஒருவர் பியர் லொறியில் பெட்டி ஏற்றினார். இன்னொருவர் பிரேத வண்டி ஓட்டினார். பந்து எறிகிற நட்சத்திரமே பழைய கார் விற்றவராம். புதியவன் ஒருவன் வந்தால், எங்கே விளையாடினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மிச்ச நாளில் என்ன செய்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அதில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்றார். எல்வூட் பனிக்காலத்தில் வந்து வேலை செய்த இடம் இந்தக் கட்டடத்தின் கொதிகலன் அறை. முழங்கால் போய் ஆட்டம் முடிந்தபோது, இங்கேயே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆட்கள் எத்தனை பேருக்கு வீடு கொடுத்தார் என்று சொல்ல வெளிக்கிட்டால் பேப்பர் காணாது. மூன்றாம் மாடிக்கு யோகராணி வந்தாள். நாலாம் மாடிக்குத் திருகோணமலைக் கோணேஸ்வரனும் பரிமளமும் வந்தார்கள். கோணேஸ்வரன் துறைமுகத்தில் குழாய் வேலை பார்த்தவர் என்றதும், எல்வூட் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. கொம்பனிக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் எங்களுக்கு ரெலிபோன் வரும். "இன்றைக்கு நல்ல வெயில். பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே" என்பார். வெளியே மழை கொட்டும். ஒரு வீட்டுக்குள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணக்கூடாதென்று நாங்கள் குடையை எடுத்துக்கொண்டு போவோம். எங்களை வெளியே தள்ளக்கூடியவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த மனிதர் நின்றார். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாரியில், பனி கொட்டும் காலத்தில், அவருடைய முழங்கால் அவரைக் கைவிட்டது. ஒரு படி ஏறுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், யாராவது வந்தால் சுவரில் ஏதோ பழுது பார்ப்பதுபோல் பாவனை செய்வார். குப்பை தேங்கியது. மூன்றாம் மாடி விறாந்தை இரண்டு கிழமையாகக் கழுவப்படவில்லை. கொம்பனியின் புது மனேஜர் மிசிஸ் கிரெய்க் ஒருநாள் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தே அவரிடம் சொன்னார். மார்ச் கடைசியில் வந்து பார்ப்பேன். கட்டடம் இப்படியே இருந்தால் வெளியாட்களிடம் வேலையைக் கொடுத்துவிடுவோம், பேஸ்மென்ற் வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவோம். நான் தபால் எடுப்பதுபோல் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவர் "சரி மேடம்" என்று மட்டும் சொன்னார். வேலை போனால் வீடும் போகும். ஐம்பது வயதும் ஒரு நொண்டிக் காலும் உள்ள மனிதர் எங்கே போவார்?

அன்றைக்கே யோகராணியையும் பரிமளத்தையும் என் குசினிக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணைக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் விடமாட்டார்" என்றேன்.

"சொல்லாமல் எப்பிடிச் செய்யிறது? அவருக்குக் கண் இல்லையே?" என்றாள் யோகராணி.

"விடிய முன்னம் செய்வம். கேட்டால் பிள்ளையள் பால் ஊத்திப்போட்டுதுகள், துடைச்சனான் எண்டு சொல்லு."

அப்படித்தான் தொடங்கினோம். விறாந்தை யோகராணிக்கு, படிக்கட்டு எனக்கும் றீற்றாவுக்கும், குப்பையும் பனியும் ஆண்களுக்கு. கோணேஸ்வரனுக்கு மிசிசாகாவில் பின்னேர வேலை. அதனால் காலையில் குழாய்களைப் பார்த்தார். எங்கள் பிள்ளைகள் ஊற்றியதாகச் சொன்ன பாலுக்கு ஒரு பண்ணையே வேண்டும். எல்வூட் ஒருநாள் என்னைப் பார்த்து, இந்தக் கட்டடம் தானாகவே துப்பரவாகிறது என்றார். ஓம், நல்ல கட்டடம் என்று சொல்லிவிட்டு நான் ஓடிவிட்டேன்.

கெடுத்தது பரிமளம்தான். மிசிஸ் கிரெய்க் வரும் நாளுக்கு முதல்நாள், படிக்கட்டுக் கைப்பிடியும் தபால் பெட்டிக் கதவுகளும் பித்தளை என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். பித்தளையைக் கண்டால் எங்கள் பெண்களுக்குக் கை சும்மா இராது. பழப்புளியைக் கரைத்து, கீழிருந்து நாலாம் மாடிவரை தேய்த்துவிட்டாள். கோயில் குத்துவிளக்கு மாதிரி அது பளபளத்தது.

மறுநாள் நாங்கள் எல்லோரும் தபால் பெட்டியடியில் நிற்க, உள்ளே வந்த மிசிஸ் கிரெய்க் வாசலிலேயே நின்றுவிட்டார். கைப்பிடியைத் தடவி விரலை மணந்து பார்த்தார்.

"எல்வூட், இதை எதைக்கொண்டு மினுக்கினாய்?"

எல்வூட் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்ற பரிமளம் இந்தக் கேள்விக்காகவே இங்கிலிஸ் படித்தவள்போல், "ரமரின்ட்!" என்று பெருமையாகச் சொன்னாள். அவளை அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்திருப்பேன்.

எல்வூட் மிசிஸ் கிரெய்க்கிடம் திரும்பினார். பிறகு சொன்னார். "மேடம், நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு நான் இரண்டாம் மாடிக்கு மேலே ஏறியதில்லை. ஏறியதெல்லாம் இவர்கள்தான். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது."

யார் உங்களுக்குச் சம்பளம் தருவது என்று மிசிஸ் கிரெய்க் எங்களைக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். பிறகு ஏன் செய்கிறீர்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கொட்டித் தீர்த்தேன். இந்த ஊரில் எங்களுக்கு முதலில் கதவு திறந்தவர் இவர். உங்கள் கொம்பனி அல்ல, இவர். இவரைப் போகச் சொன்னால் எங்களுக்கு நெஞ்சு பொறுக்காது. இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. சொல்லும்போது அழுதுவிட்டேன், அது இன்னும் வெட்கம். மிசிஸ் கிரெய்க் நாலு மாடியும் ஏறிப் பார்த்துவிட்டு, அறிவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் எல்வூட் என்னைக் கீழே கூப்பிட்டார். கோபமாகத்தான் இருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே."

"கேட்டுப் பழக்கமில்லை" என்றார். கதிரையில் சாய்ந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் ஆடிய இடத்தில், உதவி வேண்டும் என்று சொன்னவனை அடுத்த கிழமை வெளியே அனுப்பிவிடுவார்கள். காலில் எலும்பு முறிந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவோம்." தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு கிழமை கழித்துக் கொம்பனியிலிருந்து ரெலிபோன் வந்தது. தன் பொறுப்பிலுள்ள கட்டடங்களில் இந்த மாரி முழுக்க ஒரு முறைப்பாடும் வராதது இது ஒன்றுதான் என்றாராம் மிசிஸ் கிரெய்க். எல்வூட் இருக்கலாம், பேஸ்மென்ற் வீடும் அவருக்கே. ஆனால் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அதுவரைக்கும் அதற்குப் பிறகும் காலை வேளைகளில் சம்பளத்துக்கு ஓர் உதவியாள். கோணேஸ்வரனின் பெயரை எல்வூட்டே கொடுத்திருந்தார். செய்தி கேட்டு யோகராணி முதலில் கும்பிட்டாள், பிறகு குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பழக்க தோஷத்தில்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. உதவியாளைக் கொடுத்தால் மட்டும் போதாதே, அவர் கூப்பிட வேண்டுமே. முதல் திங்கட்கிழமை காலையில் மூன்றாம் மாடியில் ஹீற்றர் ஒழுகத் தொடங்கியது. எல்வூட் திறப்புக் கோர்வையும் குறடுமாகப் படிக்கட்டின் அடியில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யோகராணியும் அவள் கதவுக்குப் பின்னால் நின்றாளாம். கோணேஸ்வரன் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நாலாம் மாடியில் காத்து நின்றார். போய் உதவுங்கோ என்று பரிமளம் அவரைப் பிடித்துத் தள்ளினாளாம், அவர் அசையவில்லை. ஒரு படி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு படி. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"கோணேஸ்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "என்னால் முடியவில்லை. கொஞ்சம் வருகிறாயா?"

"வாறன் அண்ணை!" என்று கத்திக்கொண்டு கோணேஸ்வரன் இறங்கி ஓடினார். நாலு மாடியிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன.