புகாரே வராத ஜில்லா

ஸ்ரீகலாவுக்கு நாற்பத்தேழு வயது. பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் வீடு. திருவனந்தபுரத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சிறிய ஆஸ்பத்திரிகளில் பில் போடவும் மருந்து இருப்பைப் பார்க்கவும் உதவுகிற சாஃப்ட்வேர் அது. எங்காவது மக்கர் செய்தால் சரிசெய்து கொடுப்பது அவள் பொறுப்பு. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவாள் என்பதால் கன்னியாகுமரி மாவட்டத்தை அவளிடம் விட்டிருந்தார்கள்.

கணவன் பூதலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ். அந்தச் செலவை ஸ்ரீகலாவின் கம்பெனி எடுத்திருந்த இன்சூரன்ஸ் கட்டியது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் டயாலிசிஸ் போகும். அந்த வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கம்பெனியைத் தொடங்கியவர் மோகனன். வயதானதும் அதை ஒரு பெங்களூர் கம்பெனிக்கு விற்றுவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். பெங்களூர்க்காரர்கள் அப்போது வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த காலம். கொச்சியில் மருந்துக்கடை சாஃப்ட்வேர், கோயம்புத்தூரில் லேப் சாஃப்ட்வேர், பூனாவில் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் என்று கண்டதையெல்லாம் வாங்கினார்கள். வாங்கிய இடத்திலெல்லாம் கேக் வெட்டி, இனி நாம் ஒரே குடும்பம் என்றார்கள்.

பிறகு புதிய தலைவர் ஒருவர் வந்தார். பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும்தான் இனி நம் தொழில், அதில் சேராததை விற்றுவிடலாம் என்றார். பக்கக்கன்று பெருகினால் தாய்வாழையின் குலை சிறுத்துப்போகும் என்று மண்வெட்டியோடு போகிறோமே, அதே கதைதான். தோண்டுகிறவனுக்குக் கன்றின்மேல் கோபம் கிடையாது. வேரோடு எடுத்து வேறிடத்தில் நடுவானா, வெட்டி எறிவானா என்பதுதான் கன்றின் கவலை.

சிறிய ஆஸ்பத்திரிப் பிரிவை வாங்க மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் சபரீஷ். கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் விற்றுச் சொந்தக் காலில் நின்றவர். சாஃப்ட்வேரும் அதை வாங்கியிருந்த ஆஸ்பத்திரிகளும் அவருக்குப் போகும், கூடவே தேவையான ஆட்களும் போவார்கள், மற்றவர்களுக்கு வேலை போகும் என்று பேச்சு.

ஆட்களைப் பார்க்கும் பொறுப்பில் இருந்த ஸ்மிதா, சாப்பாட்டு வேளையில் ஸ்ரீகலாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சேச்சி, போற ஆளுகள்ல அஜேஷும் தீபுவும் உண்டு. சேச்சி இல்ல."

"என்னத்துக்கு இல்ல? ஆஸ்பத்திரிகள்ல பாதி எனக்க கையிலயாக்கும் இருக்கு."

"கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே. சேச்சிக்க ஜில்லாவில புகாரே கிடையாது. புகார் இல்லாத இடத்துக்கு ஆளு என்னத்துக்குன்னு கேக்குதாவ."

ஸ்ரீகலா பொதிச்சோற்றை மூடி வைத்தாள். 'புகாரே வராத ஜில்லா' என்று கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லி அவளுக்குக் கை தட்டியிருக்கிறார்கள். புகார் வராததற்குக் காரணம் அவளுடைய மொபைல். கம்பெனி எண்ணுக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதிலும் ராகுகாலத்துக்கு முன்னால் போன் ஓயாது. பெற்றவளையும் பிள்ளையையும் ராகுகாலத்தில் எந்த வீட்டாரும் ஆஸ்பத்திரிப் படி இறக்க மாட்டார்கள். அதற்குள் பில் வந்தாக வேண்டும். திங்கட்கிழமை ரயிலில் நின்றுகொண்டே சரிசெய்வாள், வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்து பையை இறக்குமுன் சரிசெய்வாள். எதையும் பதிவு செய்ததில்லை. நமக்குத் தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள், செய்து கொடுக்கிறோம், அதில் பதிய என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் பூதலிங்கம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்க தாத்தா தாலுக்கா கச்சேரியில கிளார்க்கு. பேப்பர்ல ஏறாத வேலை வேலையே இல்லன்னு அவரே சொல்லுவாராம். நீ கம்ப்யூட்டர் படிச்சும் அது தெரியல."

"சிரிங்க, நல்லா சிரிங்க. எனக்க வேலையோட ஒங்களுக்க டயாலிசிஸும் சேந்தாக்கும் போகப்போவுது."

அடுத்த வெள்ளிக்கிழமை களியக்காவிளையில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து விஜயம்மா கூப்பிட்டார். அங்கே தலைமை நர்ஸ்.

"மக்கா, பில்லு வர மாட்டேங்குது."

"எக்கா, கம்பெனி நம்பருக்கு விளிச்சுப் புகார் போடுங்க. போட்டாத்தான் நான் தொடுவேன்."

"எட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சாச்சா? அதுல ஒருத்தி ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு இங்கிலீஷ்ல பாடுவா. இங்க பெத்த பொண்ணு பிள்ளையோட கிளம்பி நிக்கா. பத்தரைக்கு ராகுகாலம்!"

"அமுக்குங்க எக்கா. எனக்கும் ஒரு காரியம் உண்டு."

விஜயம்மா அமுக்கினார். புகார் பதிவாகி அவள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. அந்தப் பெண் பன்னிரண்டு மணி வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் இருந்தாள். தையல் போட்ட உடம்பு. விஜயம்மா மறுபடியும் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வைத்தார். ஸ்ரீகலா நிறுத்தவில்லை. எல்லா ஆஸ்பத்திரிகளிடமும் அதையே சொன்னாள்.

ஒரு மாதத்தில் புகாரே வராத ஜில்லா, புகாரில் எல்லா ஜில்லாவையும் முந்திவிட்டது. ஸ்மிதா மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை முகம் சரியில்லை.

"சேச்சி, மார்த்தாண்டத்து ஆளு பின்வாங்குது. விக்கப்போற நேரத்துல சாஃப்ட்வேர் அழுகிப்போச்சு, மறைச்சு தலையில கட்டப் பாக்குதியன்னு சண்டை. அவரு வாங்கலைன்னா பிரிவையே பூட்டிருவாங்களாம்."

பூட்டினால் அவள் மட்டுமல்ல, அஜேஷும் தீபுவும் தெருவில். ஸ்ரீகலா அதிகம் யோசிக்கவில்லை. கடைசியாக ஒரு பேச்சுக்கு சபரீஷ் வந்த நாளில், கூட்டம் முடிந்து அவர் லிப்ட்டுக்கு நிற்கும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"சாரே, சாஃப்ட்வேருக்கு ஒரு கேடும் இல்ல. புகார் எல்லாம் நான் போட வச்சதாக்கும்."

லிப்ட் வந்தது. சபரீஷ் ஏறவில்லை. உள்ளே இங்கிலீஷில் பேசியவர் இப்போது ஊர்ப் பேச்சுக்கு இறங்கினார்.

"என்னத்துக்கு?"

அவள் மொபைலையும் ராகுகாலத்தையும் சொன்னாள். இதே தொல்லைகள் எப்போதும் இருந்தவைதான், கணக்கில் ஏறியது மட்டும்தான் புதிது என்றாள். சந்தேகம் இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்க்கலாம் என்றாள்.

"நீங்க செஞ்சது தப்பாக்கும் அக்கா," என்றார் சபரீஷ். "புகார் போட வச்சதைச் சொல்லல. இவ்வளவு காலம் போடாம இருந்ததைச் சொல்லுதேன். நான் கம்பெனியை வாங்குதேன்னு நினைச்சேன். பாத்தா ஒங்க மொபைலையில்லா வாங்கணும்? நாளைக்கு நீங்க பிணங்கிப் போனா ஆஸ்பத்திரி எல்லாம் கூடவே வந்துரும்."

"வந்துரும்," என்றாள் ஸ்ரீகலா.

சபரீஷ் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அப்போ ஒண்ணு செய்யுங்க. ஒங்களையும் எடுக்கேன். அந்த நம்பரை கம்பெனிக்குத் தந்திரணும். போன் பொது மேசையில கிடக்கும். யாரு இருக்காங்களோ அவங்க எடுத்து, பதிஞ்சிட்டுச் செய்யணும்."

"தாறேன். எனக்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் உண்டு. ஒங்க இன்சூரன்ஸ்ல முதல் நாளே அது சேரணும்."

"பழைய நோய்க்கு எங்க பாலிசியில ஒரு வருஷம் காத்திருக்கணுமே."

"அப்போ நம்பரும் ஒரு வருஷம் கழிச்சுத் தாறேன்."

சபரீஷ் வாய்விட்டுச் சிரித்தார். "கச்சவடம், பேரம் எல்லாம் தெரிஞ்ச ஆளுதான். இன்சூரன்ஸ்காரன்கிட்ட பேசிப் பாக்கேன், வாக்குத் தரமாட்டேன்."

"பேசிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் போன் எனக்க பையிலயே கிடக்கட்டும்."

பேரம் இழுத்தது. பெங்களூர்க்காரர்கள் விலையைக் குறைத்தார்கள், சபரீஷ் வாங்கினார். இன்சூரன்ஸில் காத்திருக்கும் காலத்தை அவர் எல்லாருக்கும் சேர்த்தே எடுக்க வைத்தார். ஒருத்திக்கு மட்டும் எடுக்க வழியில்லை என்றார்களாம். அது எழுத்தில் வந்த அன்றைக்கு ஸ்ரீகலா சிம்மைக் கழற்றிக் கொடுத்தாள்.

மார்த்தாண்டத்துப் புதிய கம்பெனியில் அவளுக்கு முதல் நாளும் பூதலிங்கத்துக்கு டயாலிசிஸ் நாளும் ஒன்றாக வந்தன. நெய்யாற்றின்கரையில் கவுன்டரில் இருந்த ஜெஸ்னா புதிய அட்டையை வாங்கித் தட்டினாள். திரையைப் பார்த்தாள். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். ஸ்ரீகலா கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ரூவல் வந்நு சேச்சி. அங்கிளை உள்ளே விடலாம்."

பூதலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நர்ஸ் எடை பார்க்கும்வரை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருந்துவிட்டு, ஸ்ரீகலா வெளியே வந்தாள். இருபது வருடமாக வடக்கே திருவனந்தபுரம் போகிற வண்டிக்கு ஓடிய கால்கள், பழக்கத்தில் அந்தப் பக்கமே நான்கு எட்டு வைத்தன. பிறகு சாலையைக் கடந்து, தெற்கே போகிற களியக்காவிளை பஸ்ஸுக்கு நின்றாள்.