நான் மாற்றி வைத்த வெள்ளைக் குளிசை

என் கணவருக்குப் பதினான்கு மாதங்கள் பொய் மருந்து கொடுத்தேன்.

கொலஸ்ட்ரோலைக் குறைப்பதற்கு வைத்தியசாலையில் தந்த ஸ்டாட்டின் குளிசையை எடுத்து ஒளித்துவிட்டு, அதே அளவில், அதே வெள்ளை நிறத்தில் ஒரு விற்றமின் குளிசையை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல… ஒவ்வொரு நாளும்! அவர் விழுங்கித் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போதுகூட இந்த இடம் வந்ததும் வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு என்னைத் தெரியாது.

என்னைப் பாதகி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். எனக்கு அவரில் உயிர். சாட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்பில்லாதவளாக இருந்திருந்தால், தந்த குளிசையை அப்படியே கொடுத்துவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன் அல்லவா?

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்த்தவர். ஓய்வு பெற்று ஏழு வருடம். எஞ்சின் சத்தத்துக்குள் முப்பது வருடம் நின்றதால் மெல்லப் பேசத் தெரியாது. எங்கள் வீட்டு இரகசியம் எல்லாம் அடுத்த ஒழுங்கைவரை போகும். அப்படிப்பட்ட வீட்டில் ஓர் இரகசியத்தைப் பத்திரமாக வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

நான் கிளிவெட்டி வயற்காரர் வீட்டுப் பிள்ளை. கலியாணம் முடித்து இங்கே வந்தபோது எனக்கு நண்டு சாப்பிடத் தெரியாது. அவர்தான் காலை உடைத்து, ஓட்டை நீக்கி, சதையை மட்டும் எடுத்து என் சோற்றின் ஓரத்தில் வைப்பார். முப்பத்தைந்து வருடமாகியும் எனக்கு அதை உடைக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. அவருக்கு நண்டு, இறால், கணவாய் என்றால் ஊர் உலகம் தெரியாது. இறக்கக்கண்டியில் வள்ளம் கரைக்கு வரும் நேரம் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்!

கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று குளிசை தொடங்கி மூன்று மாதத்தில் அவருக்குக் கால் உளைவு வந்தது. தொடை இறுகும், கெண்டைக்கால் பிடிக்கும். பின்னேரங்களில் கடற்கரைக்கு நடந்து போகிறவர், வாசற்கதிரையோடு நின்றுவிட்டார். ஒருநாள் கிணற்றடிப் படியில் ஏறுவதற்குத் தன் காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வைப்பதைக் கண்டேன். கண்டதை அவர் காணவில்லை. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

கிளினிக்கில் இளம் வைத்தியர் ஒருவர். தங்கமான பிள்ளை, ஆனால் சிங்களம் மட்டும்தான் பேசுவார். என் சிங்களம் பஸ்ஸில் இடம் கேட்பதோடு முடிந்துவிடும். என் கணவருடையதோ துறைமுகத்துச் சிங்களம், தண்ணீர்பட்ட பாடு. "கால் உளைவைச் சொல்லுங்கோ" என்று நான் முழங்கையால் இடித்தேன். அவரும் வைத்தியரும் நெடுநேரம் கதைத்தார்கள், இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்து கேட்டேன்.

"சொன்னீங்களோ?"

"ஓம் ஓம்."

"என்ன சொன்னவர்?"

"கண்டி ஆளாம். இழுவைப் படகு எப்பிடிப் பெரிய கப்பலை இழுக்கிறதெண்டு கேட்டவர். விளங்கப்படுத்தினனான்."

கால் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை! ஏனென்று கேட்டால் சிரித்தார். "சொன்னால் அந்தச் சோதனை, இந்தச் சோதனை எண்டு கொழும்புக்கு அனுப்புவாங்கள், விமலா. எஞ்சினைக் கழட்டினால் திருப்பிப் பூட்டேக்க ஒரு நட்டாவது மிஞ்சும். எனக்குத் தெரியாதே?"

அந்த நேரம் பார்த்து, கனடாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை ஒரு வீடியோ அனுப்பினாள். கொலஸ்ட்ரோல் குளிசை தசையைக் கரைக்கும், ஈரலைத் தின்னும், மறதியைக் கொண்டுவரும் என்று யாரோ ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர் அவர், என்ன படித்தவர் என்று நான் பார்த்தேனா? இல்லை. எனக்கு வேண்டியதை அவர் சொன்னார், அவ்வளவுதான். நானே அடுத்த கிளினிக்கில் யாரையாவது பிடித்துக் கால் உளைவைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். தாதிமாரில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்களே! ஆனால் என் கணவர் மறைத்ததை நான் சபையில் போட்டு உடைத்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டுத் தருவார்கள். அவற்றைப் பிரித்து, இராச்சாப்பாடு முடிந்ததும் அவருடைய கையில் வைப்பது என் வேலை. அவர் பெயர் பார்க்க மாட்டார், எண்ணிக்கை மட்டும் பார்ப்பார். நாலு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால், "ஒரு ஆள் இன்னும் வேலைக்கு வரேல்லை" என்பார். ஆகவே குறைக்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

பாமசியில் மூன்று வகை விற்றமின்கள் வாங்கிவந்து, குசினி மேசையில் அந்தக் குளிசைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எவ்வளவு கவனம்! எவ்வளவு நிதானம்! அறியாமல் செய்துவிட்டேன் என்று நான் எப்படி உங்களிடம் சொல்வது?

ஒரு மாதம் ஆகவில்லை, கால் உளைவு போய்விட்டது. மறுபடியும் நடந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடற்கரையில் சோளம் வாங்கித் தந்தார். ஈர மணலில் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "என்ன, வயல்காரி களைச்சுப் போனாவோ?" என்று கத்தினார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம், ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியவில்லை… இதையும் நீங்கள் குற்றப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? வைத்தியர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். "என்ர மனுசி ஒரு நாளும் விடமாட்டா" என்று அவர் சத்தியம் செய்தார். வைத்தியர் அளவை இரட்டிப்பாக்கினார். பாருங்கள், எப்படி மாட்டிக்கொண்டேன்! ஒன்றுக்கே காலைத் தூக்க ஏலாமல் இருந்தவர், இரட்டிப்பைப் போட்டால் என்ன ஆவார்? உண்மையைச் சொன்னால் என் வேலை தெரிந்துவிடும். கொடுத்தால் கால் போய்விடும். அதனால் அதையும் கொடுக்கவில்லை, இரண்டு விற்றமின் குளிசை வைத்தேன். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் குளிசை உறைகள் பெருகின.

எல்லாவற்றிலும் கொடுமை அவர் செய்ததுதான். கொலஸ்ட்ரோல் ஏறியதற்குத் தன் நாக்குத்தான் காரணம் என்று நம்பிவிட்டார். நண்டை விட்டார். இறாலை விட்டார். முட்டையை விட்டார். தேங்காய்ப்பால் சொதியை விட்டார். குரக்கன் ரொட்டியும் அவித்த கீரையுமாக இருந்துகொண்டு ஒழுங்கையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஓட்ஸின் மகிமை பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆனால் எனக்கு மட்டும் நண்டு வாங்கி வருவார்! வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். பழையபடி உடைத்து, சதையை என் சோற்றில் வைத்துவிட்டு, விரலை முகர்ந்து பார்ப்பார்.

"நீ சாப்பிடு. நான் மணத்திலயே சாப்பிட்டிடுவன்."

அதை நான் சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

பதினான்காவது மாதம், ஒரு காலைப்பொழுதில், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பை விட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். நெஞ்சைப் பிடித்தார். அந்த உரத்த குரல் எங்கே போனதோ, "விமலா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கூப்பிட்டார். ஓட்டோவில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாரடைப்பு என்றார்கள்.

அங்கே அவசரப் பிரிவில் ஒரு பெண் வைத்தியர். கிண்ணியா முஸ்லிம் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். என்னைக் கதிரையில் இருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழகான தமிழில் கேட்டார்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. கொலஸ்ட்ரோல் குளிசை ஒழுங்காக் குடிச்சவரா? இடையில விட்டவரா?"

மொழி தெரியாது என்று ஒளிந்துகொள்ள இந்த முறை இடமில்லை. அவர் உள்ளே கிடந்தார், கேட்டது வைத்தியர், கேட்டது அவருடைய உயிருக்காக…

"ஓம் டொக்டர், ஒரு நாளும் விட்டதில்லை" என்றேன்.

குளிசையை மாற்றியதற்குப் பாசம் என்று ஒரு பெயராவது சொல்லலாம். இதற்கு என்ன பெயர்? பயம். என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பயம். வேறொன்றுமில்லை.

அவர் பிழைத்தார். வேறு ஊருக்குக் கொண்டுபோய் இரத்தக் குழாயில் வலைபோல ஒன்று வைத்தார்கள். திரும்பி வந்து எங்கள் வைத்தியசாலையில் நான்கு நாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதே பெண் வைத்தியர் குளிசைகளை விளங்கப்படுத்தினார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. இந்தக் குளிசையால் கால் உளைகிறது என்றேன். அந்தப் பிள்ளை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அது சில ஆக்களுக்கு வரும் அம்மா. வேற வகை இருக்கு, மாத்தித் தாறன். முதலே சொல்லியிருந்தா முதலே மாத்தியிருப்பமே" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை!

பதினான்கு மாதம் நான் சுமந்த பெரிய இரகசியம் அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு வரியாக முடிந்துபோனது. பெயர் அச்சடித்த மட்டையில் வந்த புதிய குளிசை அவருக்கு ஒத்துக்கொண்டது. இப்போது உண்மையானதைத்தான் கொடுக்கிறேன். கால் உளைவு இல்லை.

அந்தக் குளிசையை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் மாரடைப்பு வந்திராது என்று யாராலும் சத்தியம் செய்ய ஏலாது. வந்திருக்கும் என்றும் சொல்ல ஏலாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இருக்கிறேன்.

என் பொய் அதோடு நின்றுவிட்டதா? இல்லை. இரட்டிப்பு அளவு போட்டும் இறங்காத கொலஸ்ட்ரோல் என்றால் பரம்பரையாக இருக்கலாம், மகளையும் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என் மாமனாரும் ஐம்பது வயதில் நெஞ்சு நோவில் போனவர். அவருக்கு அது போதும். எங்கள் ஒரே மகள் யாழினியைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, "என்ர இரத்தம்தான் பிள்ளை உனக்கும் வந்திட்டுது. அப்பாவை மன்னிச்சிடு" என்று அழுதார். எஞ்சின் கையை நசித்தபோதும் அழாதவர்! பிறகு காலையில் தொலைபேசியில் அழைத்து, பேத்திக்கு முட்டை கொடுக்காதே என்பது அவருடைய தினசரிக் கடமையாயிற்று. நாலு வயதுப் பிள்ளை முட்டை கேட்டு அழுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

அப்போதாவது சொன்னேனா? வாயைத் திறப்பேன். "என்ர மனுசி இல்லாட்டி நான் அண்டைக்கே சரி" என்று வந்தவர்களுக்கு அவர் சொல்லிக்கொண்டிருப்பார். மூடிக்கொள்வேன். என் கையால் எதைக் கொடுத்தாலும் பார்க்காமல் வாங்குகிற மனிதர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாங்குவதற்கு முன் அவர் தயங்கினால்… அதை என்னால் தாங்க முடியாது.

போன மாதம் யாழினி பிள்ளையோடு தன் இரத்த அறிக்கையையும் கொண்டு வந்தாள். ஒரு குறையும் இல்லை. எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அவர் அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேத்திக்கு முட்டை பொரிக்கச் சொல்லி அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கக் கத்தினார். யாழினி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்ப ஏன் அம்மா அப்பாவுக்கு அந்தக் குளிசை வேலை செய்யேல்லை?"

அவரே முந்திக்கொண்டார். "அது என்ர நாக்குச் செய்த வேலையடி. களவாக் கடையில வடை திண்டனான். அம்மாவை விடு. அவ ஒழுங்காத்தான் தந்தவ."

வடை தின்றாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் மீது ஒரு சொல் வரக்கூடாது என்று பொய்கூடச் சொல்லியிருப்பார், அப்படிப்பட்டவர். யாழினி இன்னும் என் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை, ஒழுங்காத்தான் குடுத்தனான்" என்றேன்.

அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஆனால் அன்று தொடங்கி, இராச்சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். நான் எடுத்தால், "அப்பாட்டைக் குடுங்கோ" என்கிறாள். "குளிசை மட்டையில இருக்கிற பேரை வாசியுங்கோ அப்பா" என்கிறாள். மகளுக்கு வந்த அக்கறையைப் பார் என்று அவர் என்னைப் பெருமையோடு பார்க்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உரத்த குரலில் வாசிக்கிறார். அவர் வாசித்து முடிக்கும்வரை, நான் தண்ணீர்க் கிளாஸோடு பக்கத்தில் நிற்கிறேன்.