தேருக்கு அடித்த அடி

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில், தண்டவாளப் பணியாளர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அவர் இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தம்பியாகிய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா பணியில் இருக்கும்போதே விபத்தில் இறந்தார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எனக்கும் தங்கைக்கும் சோறும் படிப்பும் அதிலிருந்துதான் வந்தன. தமக்கென்று ஒரு குடும்பத்தை அவர் அமைத்துக்கொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "எனக்குப் பேண்டு இருக்குதுங்க" என்பார்.

அது விளையாட்டுப் பேச்சு அல்ல. கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தபோது சைடு டிரம் கற்றவர் அவர். பிற்பாடு பழைய மாணவியரைத் திரட்டி, ஆண்டுதோறும் மாதா தேர்பவனிக்கு முன் வாசித்துச் செல்லும் பேண்டு வாத்தியக் குழுவை உருவாக்கினார். செவிலியரும் தையல்காரரும் ஆசிரியையும் அன்று ஒரே வெள்ளைச் சீருடையில் வந்து நிற்பார்கள்.

தொடக்கத்தில் பள்ளியில் கற்ற அணிவகுப்பு மெட்டுகள் மட்டுமே. பிறகு மாதா பாடல்கள் சேர்ந்தன. இளையவர்கள் சினிமா மெட்டு கேட்டபோது கடுமையாக எதிர்த்தவர் அக்காதான். அந்த ஆண்டு டிரம்மைத் தொடாமல் சாலையோரம் நின்றார். கதவோரமே நின்று பார்த்துப் பழகிய பெண்கள் தெருவில் இறங்கிக் குழுவின் பின்னால் நடந்து போனதை அங்கிருந்து பார்த்தார். அடுத்த பயிற்சிக்கு வந்து சேர்ந்துகொண்டார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த ஆண்டில்தான் குழு உடைந்தது. புதுச்சத்திரத்திலிருந்து வந்து அதே பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்து, பின் குழுவில் சேர்ந்த மேகலா, பறையின் அடியை டிரம்மில் வாசிக்கலாம் என்றார். அவருடைய தந்தை பறை அடிப்பவர். பயிற்சி பள்ளித் திடலில் நடந்துகொண்டிருந்தது. அக்காவின் வகுப்புத் தோழியும், முதல் நாளிலிருந்து பெரிய டிரம் வாசித்து வந்தவருமான திருமதி ஸ்டெல்லா குச்சியைக் கீழே வைத்தார்.

"சாவுக்கு அடிக்கறத மாதா தேருக்கு முன்னால அடிக்கச் சொல்றியா?"

மேகலா தலை குனியவில்லை. "எங்கப்பா கோயில் நோம்பிக்கும் இதத்தானுங்க அடிக்கறாரு."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். சிகிச்சையின் களைப்பில் உட்கார்ந்திருந்தவர், அந்த அடியை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும், இந்த ஆண்டு தேருக்கு இதுவும் உண்டு என்றார். திருமதி ஸ்டெல்லாவும் அவரோடு ஏறக்குறையப் பாதிப் பேரும் எழுந்து போனார்கள். பவனி நாளில் சீருடையோடு வந்து, வாசிக்காமல் நிற்போம் என்று சொல்லியனுப்பினார்கள்.

சொன்னபடியே வந்து ஆலய வாசலின் இருபுறமும் நின்றார்கள். தேர் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் பெரிய டிரம்முக்கு ஆள் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன் வரிசையில் நின்ற மேகலா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து பெரிய டிரம்மிடம் வந்தார். பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் நானும் தங்கையும் தடுத்தோம்.

"மாட்டி உடு சாமி. ரோடு தாண்டற வரைக்குந்தான்" என்றார் என்னிடம்.

நான் மாட்டிவிட்டேன். அந்த அடியை வாசித்தபடி, தம் தோழிகள் நின்ற வரிசைகளுக்கு நடுவே அக்கா நடந்தார். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் சேரவுமில்லை. திருமதி ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையைத் தாண்டியதும் அக்கா என் தோளில் சாய்ந்துவிட்டார்.

அதன் பின் அவர் பேண்டுக்குத் திரும்பவில்லை. படுக்கையில் இருந்த மாதங்களில் மேகலா அடிக்கடி வந்தார். திருமதி ஸ்டெல்லா வரவில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அக்கா யாரென்று விசாரிப்பார்.

அடக்கத் திருப்பலி அன்று இரு தரப்பும் வந்தன. ஆலயத்துக்கு வெளியே தனித்தனியே நின்றார்கள். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் என்ன வாசிப்பது என்ற பேச்சு எழுந்தது. திருமதி ஸ்டெல்லா அழுதபடியே மேகலாவிடம் வந்து, அக்காவுக்குப் பிடித்த அந்த அடியையே வாசியுங்கள் என்றார்.

"மாட்டனுங்க," என்றார் மேகலா. "அது தேருக்கு அடிச்சதுங்க. இன்னிக்கு அடிச்சா, அன்னிக்கு நீங்க சொன்னது நெசமாயிருமுங்க."

திருமதி ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெரிய டிரம்மை எடுத்துத் தாமே மாட்டிக்கொண்டார். பள்ளியில் அக்கா முதன்முதலாகக் கற்ற அணிவகுப்பு மெட்டைக் கல்லறை வரை எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள்.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், உடனிருந்து செபித்த பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. கடந்த திருவிழாவில் அந்த அடியைப் பெரிய டிரம்மில் வாசித்தவர் திருமதி ஸ்டெல்லா. நடுவில் தாளம் தவறி நின்றுவிட்டார். மேகலா வரிசையை நிறுத்தி, அவர் சேரும்வரை காத்திருந்தார். அவர்கள் இருவருக்கும் நன்றி. அன்று எழுந்து போனவர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை. அவர்களும் அக்காவோடு பல ஆண்டுகள் நடந்தவர்கள். இம்மலரை அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.